மீன் பிடிக்காத மீன்பிடி குரூப்!

ஊட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரோஜா கார்டன், போட் ஹவுஸ், மலை ரயில், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்... அப்புறம் நம்ம ஹீரோ, ஹீரோயின் டூயட் பாடிய பைன் மரக்காடு. அதானே? அந்த லிஸ்ட்டில் இன்னும் ஒண்ணு சேர்த்துக்குங்க. டிரவுட்!

டிரவுட் ஒரு மீன். ஐஸ் மாதிரி சில்லுனு ஓடுகிற தண்ணியில்தான் உயிர் வாழும். ஐரோப்பாவில் பழுப்பு டிரவுட், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரெயின்போ டிரவுட் என்று இதில் நிறைய வகை உண்டு. இரண்டுமே நம்ம நாட்டு மீன் கிடையாது. ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேலாக நீலகிரியில் டிரவுட் இருக்கிறது. அந்த மீன் வாழும் ஓடைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன குரூப்பும் இருக்கிறது. ரெஜிஸ்டர் பண்ணிய சங்கம் இல்லை, பேனர் இல்லை, பொறுப்பாளர் லெட்டர்பேடு இல்லை. மொத்தமே பதினோரு பேர். எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அக்கா ஒருத்தங்க மூலமாக பன்னிரண்டாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தது அடியேன்!

முதல் ட்ரிப் நவம்பரில், இரண்டாவது மார்ச்சில். இரண்டும் சேர்த்து நான்கு நாட்கள். இதுவரை ஒரு மீனைக்கூட நாங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் இது மீன்பிடி குரூப்தான். எப்படின்னு கேட்கிறீங்களா? வாங்க, பஸ் ஏறுவோம்.

கப்பலில் வந்த முட்டை

கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை பஸ். பர்லியாறு தாண்டியதும் காது அடைக்கும். குன்னூரில் ஸ்வெட்டர் வெளியே வரும். ஊட்டியில் இறங்கி, எமரால்டு போகும் பஸ்ஸைப் பிடித்தால் ஊட்டியின் கூட்டம், ஹாரன் சத்தம் எல்லாம் பின்னாடி போய்விடும். இரண்டு பக்கமும் கேரட், உருளைக்கிழங்கு, தேயிலை. நடுநடுவே படுகர்களின் ஹட்டிகள். அதற்கும் மேலே, ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டரில் அவலாஞ்சி. 1800-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய மண்சரிவால் அந்த இடத்துக்கு இப்படிப் பேர் வந்தது என்கிறார்கள்.

பஸ் ஸ்டாப்பில் எங்களுக்காகக் காத்திருந்தவர் 'பேங்க் சார்'. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். குரூப்பின் தலைவர் யாரென்று கேட்டால் எல்லோரும் இவரைக் கை காட்டுவார்கள், இவர் மட்டும் வேறு யாரையாவது கை காட்டுவார்.

"தம்பி, டிரவுட் எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று நடக்கும்போதே ஆரம்பித்தார்.

சூப்பர் கதை அது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர் அவர்தான். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரணும், வெயிலில் மலை ஏறணும், வழி முழுக்கத் தண்ணி சில்லென்றே இருக்கணும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் நடக்கிற காரியமா? அந்த முயற்சிகள் நிலைக்கவில்லை. 1900-களின் முதல் பத்து வருஷத்தில் மெட்ராஸ் அரசாங்கம் எச்.சி.வில்சன் என்ற மீன்வள நிபுணரை நியமித்தது. அவர் காலத்தில் 1907-ல் அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் உருவானது. ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளில் வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகணும், அதற்காக ஒரு மீன் உலகத்தின் பாதியைச் சுற்றி வந்திருக்கிறது! அதற்கு முன்னாலேயே, 1879-ல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க என்றே தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். யாருக்காகக் காத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பத்து மணி... ரெண்டு மணி...

மதியம் சாப்பிட்டதும் ஹட்டி மைதானத்தில் கிளாஸ். நாம ஏரிக்கரையில் பார்க்கிற தூண்டிலில், ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷ்ஷிங்கில் எல்லாமே தலைகீழ். தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. கனம் எல்லாம் கயிறு மாதிரி தடித்திருக்கும் நூலில். கோலைப் பின்னால் வீசி, நூல் காற்றில் முழுசா நீளும்வரை ஒரு நொடி பொறுத்து, அப்புறம் முன்னால் வீசணும். கோல் வளைந்து ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்து நூலுக்குக் கொடுக்கும். மெக்கானிக்ஸ் பேப்பரில் படித்த பொட்டென்ஷியல் எனர்ஜி இங்கே கண்ணு முன்னாடி பறக்குது!

"கடிகாரத்துல பத்து மணி... ரெண்டு மணி... அதைத் தாண்டி கை போகக்கூடாது" என்றார் பேங்க் சார். நூலின் நுனியில் முள் கிடையாது, ஒரு துண்டு மஞ்சள் கம்பளி நூல்தான். "முள்ளை லைசென்ஸ் உள்ள இடத்துல மட்டும்தான் மாட்டணும். நேஷனல் பார்க்குல நினைச்சுக்கூடப் பார்க்கக் கூடாது. இங்க பழகுறதுக்குக் கம்பளி போதும்." ஹட்டிப் பொடிசுகள் நாலு பேர் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, நாங்க வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் மார்க் போட்டார்கள். எனக்குப் பத்துக்கு மூணு. தாராள மனசு!

எதுக்கு இதெல்லாம்? பொய்ப்பூச்சி செய்யணும்னா முதலில் நிஜப் பூச்சியைத் தெரிஞ்சுக்கணும். நிஜப் பூச்சியைத் தேடினால் ஓடைக்குள் இறங்கணும். ஓடைக்குள் இறங்கிப் பார்த்தவன் அதைச் சும்மா விட்டுட்டுப் போகமாட்டான். இதுதான் பேங்க் சாரின் லாஜிக்.

கல்லைப் புரட்டினால் ரிப்போர்ட் கார்டு

மறுநாள் காலை ஓடைக்குப் போனோம். வனத்துறை எல்லைக்கு வெளியே, காய்கறித் தோட்டங்களை ஒட்டி ஓடி, கடைசியில் எமரால்டு அணைக்குப் போய்ச் சேரும் சின்ன ஓடை. தாண்டிக் குதித்தால் அக்கரை. எங்க ஊரில் இதைப் பள்ளம் என்போம்.

குரூப்பில் பாட்டனி படிக்கும் ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு குச்சிகளுக்கு நடுவே கொசுவலையைக் கட்டி ஓடையின் குறுக்கே பிடிக்கச் சொன்னார். மேல்பக்கம் நின்று ஒவ்வொரு கல்லாகப் புரட்ட, அடியில் ஒட்டியிருந்த ஜீவன்கள் வலைக்குள் வந்து விழுந்தன. வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தால்... அடேங்கப்பா, ஒரு ஊரே இருக்கு!

வாலில் மூணு இழை இருந்தால் பெரும்பாலும் மேஃபிளை. ரெண்டு இழை என்றால் ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்கென்று குழாய் வீடு கட்டிக்கொண்டு உள்ளே இருப்பது கேடிஸ்ஃபிளை. சிவில் டிபார்ட்மென்ட் கவனிக்கவும்! இந்த மூணும் ஆக்சிஜன் நிறைய உள்ள சுத்தமான தண்ணியில்தான் தாங்கும். தண்ணி கெட்டால் முதலில் காணாமல் போவது இவைதான். அந்த இடத்துக்குச் சிவப்புப் புழுக்கள் வரும். மீன்தொட்டிக் கடையில் ரத்தப்புழு என்று விற்பார்களே, அந்த வகை. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதுங்க ஜம்முனு வாழும், உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால்.

ஆக மருத்துவமனை லேப் இல்லாமலேயே ஓடைக்கு ரத்தப் பரிசோதனை முடிந்தது. சோலை நிழலுக்குள் இருந்த மேல்பகுதித் தட்டில் மூணு வகையும் இருந்தன. தோட்டங்களைத் தாண்டி வந்த கீழ்ப்பகுதித் தட்டில் ஸ்டோன்ஃபிளை ஒண்ணுகூட இல்லை.

என்ன நடந்தது நடுவில்? அக்கா ஓடையின் தரையைக் காட்டினார். மேலே கூழாங்கல், கீழே சேறு. சரிவில் வெறும் மண்ணாகக் கிடக்கும் பாத்திகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகிறது. டிரவுட் கூழாங்கற்களுக்கு நடுவே குழி பறித்து முட்டை இடும். கல் இடுக்கு வழியாகத் தண்ணி ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. இடுக்கைச் சேறு அடைத்தால் முட்டை செத்துப்போகும். பூச்சிகளுக்கும் அதே கதிதான்.

"2019 ஆகஸ்ட்டு மழைக்கப்புறம் பார்த்திருக்கணும் தம்பி" என்றார் எங்களை ஜீப்பில் ஏற்றிவந்த டிரைவர் அண்ணன். அந்த மாதத்தில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான்! "மலையே வழிஞ்சு வந்த மாதிரி இருந்துச்சு. எது ஓடை, எது ரோடுன்னே தெரியல."

அதனால் எங்கள் வேலை கரையில். தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, ஓடையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் செடி முளைக்க விட்டிருக்கிறார்கள், மண்ணை அது பிடித்துக்கொள்ள. அந்த இடத்தில் முளைக்கும் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்குவது எங்கள் பேட்ச்சின் டியூட்டி. நவம்பர் ஈரத்தில் மண் இளகி இருந்ததால் கையோடு வந்தன.

சீகையா? ஆமா, இங்கே வாட்டில் மரத்துக்கு அதுதான் பேர். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோல் பதனிடப் பட்டை வேணும், விறகு வேணும், ரேயான் நூலுக்குக் கூழ் வேணும் என்று சீகையையும் தைல மரத்தையும் நீலகிரிப் புல்வெளிகளில் கண்டபடி நட்டார்கள். தோடர்கள் எருமை மேய்த்த அந்தப் புல்வெளியை யாருக்கும் பயன்படாத வெற்றிடம் என்று நினைத்திருக்கிறார்கள். நிஜத்தில் புல்லும், பள்ளத்தாக்கில் இருக்கும் சோலையும் சேர்ந்து ஒரு பெரிய ஸ்பான்ஞ்ச். மழையைக் குடித்து, வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடும். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கிவிட்டுக்கூட முளைக்கும். அதனால் ஒரு தடவை பிடுங்கினால் வேலை முடியாது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றவும் இயற்கைச் சூழலை மீட்கவும் ஒரு கொள்கையே வெளியிட்டது என்றால் பிரச்னையின் சைஸைப் புரிஞ்சுக்குங்க.

வந்தேறிக்கு வக்காலத்தா?

இங்கேதான் எனக்கு ஒரு டவுட். டீக்கடையில் வர்க்கியை நனைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "சீகை வெளியூர் மரம், பிடுங்குறோம். டிரவுட்டும் வெளியூர் மீன்தானே சார்? அதை மட்டும் எதுக்குக் காப்பாத்தணும்?"

டீக்கடை அமைதி. அப்புறம் வெடித்தது பாருங்க ஒரு பட்டிமன்றம்!

பாட்டனி அக்கா என் கட்சி. "உலகத்துல மோசமா ஆக்கிரமிக்கிற 100 உயிரினங்கள்னு ஐ.யு.சி.என். நிபுணர்கள் வெளியிட்ட பட்டியல்ல ரெயின்போ டிரவுட்டும் இருக்கு, பழுப்பு டிரவுட்டும் இருக்கு. அமெரிக்காவுல சியரா நெவாடா மலையில மீனே இல்லாத ஏரிகள்ல டிரவுட்டை விட்டாங்க. மஞ்சள்கால் தவளை அழிஞ்சுட்டே வந்துச்சு. மீனை எடுத்த ஏரிகள்ல தவளை திரும்பி வந்துச்சு. நம்ம மலையில வேற எங்கேயும் இல்லாத தவளைகள் இருக்கு சார். அதோட தலைப்பிரட்டைய டிரவுட் தின்னா யாரு பதில் சொல்றது?"

பேங்க் சார் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறொரு கதை சொன்னார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆ சேபிள் என்று ஓர் ஆறு. அதன் கரையில் கிரேலிங் என்று ஒரு ஊர். அந்த ஆற்றில் நிறைந்திருந்த கிரேலிங் என்ற மீனின் பேர்தான் ஊருக்கு. காட்டை வெட்டி, மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு, கரையைச் சிதைத்து, கணக்கில்லாமல் பிடித்து, போதாததுக்கு வெளி டிரவுட்டுகளையும் விட்டார்கள். 1930-களோடு மிச்சிகனில் கிரேலிங் மீனின் கதை முடிந்தது. ஊருக்குப் பேர் மட்டும் மிச்சம்! அதே ஆற்றங்கரையில் 1959-ல் மீன்பிடிப் பிரியர்கள் சிலர் கூடி 'டிரவுட் அன்லிமிடெட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் ஆறு பிழைக்காது, ஆற்றைச் சரிபண்ணுங்கள், மீன் தானா பெருகும் என்பது அவர்கள் வாதம். இன்று அமெரிக்கா முழுக்க ஊர் ஊராக அதற்குக் கிளைகள். உறுப்பினர்கள் வார இறுதியில் ஓடையில் இறங்கிக் கரை கட்டுகிறார்கள், வெப்பநிலை அளக்கிறார்கள்.

"அவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது அதைத்தான். புது ஓடையில ஒரு குஞ்சுகூட விடக்கூடாதுன்னு நம்ம குரூப்புல முடிவே எடுத்திருக்கோம். இவங்க சொன்னதாலதான் எடுத்தோம்" என்று அக்காவைக் காட்டினார். "ஏற்கெனவே இருக்கிற இடத்துல டிரவுட் இருக்குன்னா தண்ணி இன்னும் குளிர்ந்து ஓடுதுன்னு அர்த்தம். அது செத்தா எனக்கு ஒரு மீன் போச்சு. தண்ணி சூடாச்சுன்னா தவளைக்கும் சேர்த்துப் போச்சு."

அக்கா முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "டிரவுட் இல்லாமலேயும் தண்ணியக் காப்பாத்தலாம் சார்" என்றார். "காப்பாத்தலாம்மா. ஆனா எங்கள மாதிரி ஆளுங்கள ஓடைக்கு இழுத்துட்டு வர்றது அந்த மீன்தானே" என்றார் அவர். இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் தெர்மாமீட்டரையும் கொசுவலையையும் இருவரும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தண்ணிக்கும் ஜுரம் அடிக்கும்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியை மறக்காதவர்களுக்கு: தண்ணி சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்கு சுமார் 11.3 மில்லிகிராம் வரை கரையும். 20 டிகிரியில் 9.1, 30 டிகிரியில் 7.6. மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதிலும் கம்மி. அதே நேரத்தில் சூடு ஏறினால் மீனுக்கு மூச்சு அதிகம் வாங்கும், ஆக்சிஜன் தேவை கூடும். வரவு குறையுது, செலவு ஏறுது. மாசக் கடைசி ஹாஸ்டல் வாழ்க்கை மாதிரி! 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணற ஆரம்பிக்கும்.

குரூப்பில் அதுவரை கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளந்துகொண்டிருந்தார்கள். நாம டிரிபிள் ஈ ஆச்சே, சும்மா இருக்க முடியுமா? வாட்டர்ப்ரூஃப் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், மெமரி கார்டு, பேட்டரி எல்லாவற்றையும் டிபன் பாக்ஸுக்குள் அடைத்து சிலிக்கானால் சீல் வைத்தோம், நானும் ரூம்மேட்டும். அரை மணிக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பதிவு செய்யும். மார்ச் ட்ரிப்பில் சோலை நிழலில் ஒன்று, தோட்டம் தாண்டி வெட்டவெளியில் ஒன்று என்று இரண்டைக் கட்டிவிட்டு, மறுநாள் எடுத்துப் பார்த்தோம்.

விடியற்காலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மதியம் இரண்டு மணிக்கு, வெட்டவெளித் தண்ணி நிழல் தண்ணியைவிட மூணு டிகிரி கூட! நடுவில் உள்ள தூரம் பத்து நிமிஷ நடைதான். ஒரு நாள் கணக்கை வைத்துப் பெரிய முடிவெல்லாம் சொல்லக்கூடாது, ஒரு வருஷமாவது ஓடணும். ஆனால் கிராஃபை லேப்டாப்பில் பார்த்த தோட்டக்காரர் கேட்ட கேள்வி இருக்கே: "அப்போ கரையில நம்ம ஊரு மரம் நாலு வெச்சா இறங்குமா தம்பி?" அந்தக் கேள்விக்காகவே டிபன் பாக்ஸைத் தியாகம் பண்ணலாம்.

கடைசியில் எங்க ஊருக்குத்தான்

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். எங்க ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். ரெண்டு ஏக்கர் நெல், கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். ஊட்டியில் ஓடைக்குள் நிற்கிறேன் என்று சொன்னதும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏண்டா கண்ணு, தண்ணி ஓடுதா அங்க?"

மார்ச் மாசத்தில் எங்க வீட்டில் கேட்கப்படும் ஒரே கேள்வி அது. நான் நின்ற ஓடை எமரால்டு அணைக்குப் போகிறது. அங்கிருந்து சுரங்கப்பாதையில் இறங்கி குந்தா மின்திட்டத்தின் டர்பைன்களைச் சுற்றி, பில்லூர் அணைக்கு வருகிறது. பில்லூர் தண்ணியைத்தான் கோவையில் பைப்பில் குடிக்கிறோம். மிச்சம் பவானி ஆறாக, 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணைக்குள் போகிறது. அதைத் தாண்டினால் கொடிவேரி. அப்புறம் எங்க வாய்க்கால். அணையில் தண்ணி இல்லாத வருஷம் வாய்க்கால் திறக்கமாட்டார்கள், எங்க வயலில் நாற்று விழாது. எனக்கு ஃபீஸ் கட்ட அப்பா நகையைக் கொண்டுபோய் வைக்கிற வருஷங்கள் அவை.

நான் பார்த்த ஓடை அந்த ஆற்றில் கடுகளவுதான். ஆனால் நீலகிரியில் இப்படி எத்தனை கடுகு! "ஓடுதுப்பா, கணுக்கால் அளவுக்கு ஓடுது" என்றேன். "கணுக்கால் போதும், நிக்காம ஓடுனாச் செரி" என்றார்.

கிளம்பும் முன் கவனிங்க!

* ஏப்ரல், மே நெரிசலில் போகாதீங்க. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வாகனத்தில் போக இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. பஸ்ஸில் போனால் இந்த டென்ஷன் இல்லை.

* பிளாஸ்டிக் வாட்டர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க.

* அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால் கேஸ்தான்.

* ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்தால், திரும்ப அதே மாதிரி வைத்துவிட்டு வாங்க. அது யாரோ ஒருத்தரோட வீட்டுக் கூரை!

* ஊட்டி வரைக்கும் போக முடியாதவர்கள், உங்க காலேஜுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையிலோ வாய்க்காலிலோ ஆரம்பிக்கலாம். ரெண்டு குச்சி, ஒரு கொசுவலை, ஒரு வெள்ளைத் தட்டு போதும். சிவப்புப் புழு மட்டும்தான் வருகிறது என்றால், மேலே நடந்து போய், எங்கிருந்து கெடுகிறது என்று பாருங்க.